அரிக்கொம்பனும் வன சாஸ்திரப் பாடமும்

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில், ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயரெடுத்த அரிக்கொம்பன் என்ற யானையை, கேரள உயர் நீதிமன்றம் நியமித்த நிபுணர் குழுவின் சிபாரிசின்படி பறம்பிக்குளத்துக்குக் கொண்டுவருவதென 2023 ஏப்ரலில் முடிவானபோது, நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் முதலமடைப் பஞ்சாயத்து ஜனங்கள் தெருவில் இறங்கியது பலருக்கும் நினைவிருக்கும். பறம்பிக்குளத்தில் தண்ணீருக்கும் தீனிக்கும் குறைவில்லை என்ற நிபுணர்களின் கணக்கு பிழையன்று. ஆனால் அந்தக் காட்டிலேயே குடியிருக்கும் காடரும் மலசரும், அடிவாரத்து மாந்தோப்புக்காரரும் அக்கணக்கில் எங்கே நின்றார்கள்? எதிர்ப்புக்கு அஞ்சிப் பெரியாற்றுக் காட்டுக்குக் கொண்டுபோன யானை, ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் 5-ஆம் தேதி மறுபடி பிடிபட்டு முண்டந்துறைக் காட்டுக்குப் போயிற்று.

மயக்க ஊசியும் ரேடியோ காலரும் கும்கியும் போதிக்கப்படுகிற அளவுக்கு, ஓர் ஊரின் திண்ணையில் உட்கார்ந்து பேசும் வித்தை வனவிலங்குப் படிப்பில் போதிக்கப்படுவதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

பாதை விஷயத்தையே பாருங்கள்: பறம்பிக்குளத்துக்கு வண்டியில் போக இன்றும் தமிழ்நாட்டுச் சேத்துமடையைச் சுற்றித்தான் போக வேண்டும். சொந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்கே அவ்விதம் சுற்றி அலுத்த, அப்பகுதித் தேக்கடி அல்லிமூப்பன் குடியிருப்பின் ஆதிவாசிகள், 2020-இல் மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் அடிவாரத்துச் செம்மணாம்பதிக்குத் தாங்களே பாதை வெட்டத் தொடங்கினார்கள். காட்டைப் பிளக்கும் கோடாக அதை வனவியல் மாணவன் வரைபடத்தில் காண்பான். பிரசவ வேதனையில் இருப்பவளுக்கு அது ஆஸ்பத்திரி. இரண்டும் மெய்யே. இரண்டையும் ஒருசேர எடைபோடக் கற்காதவன் பட்டம் பெற்றும் அரைப் படிப்பாளிதான்.

காட்டையும் ஜனங்களையும் சேர்த்து எண்ணுவது ஆகாத காரியமன்று. வயணா என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தியவர்களையே 1990-களின் பிற்பகுதியில் பெரியாறு புலிகள் காப்பகம் ஒரு குழுவாகத் திரட்டிக் காவலுக்கும் பயணிகளுக்கு வழிகாட்டவும் அமர்த்தியதே! ஆப்பிரிக்க நாடுகளின் சரணாலயங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கும் நம் பிள்ளைகள், பக்கத்திலேயே, பெரியாற்றை ஒட்டிய குமுளியில் நடந்த இதையும் படிக்கலாம்.

வெள்ளானிக்கரை வனவியல் கல்லூரியும் கோயம்புத்தூரிலுள்ள வன அதிகாரிகளின் பயிற்சிக்கூடமும் நமக்குத் தொலைவில் இல்லை. அங்குள்ள மாணவர்களை ஒரு மாங்காய்ப் பருவம் முழுவதும் முதலமடைத் தோப்புகளில் இராக் காவலுக்கும், மறு பருவம் காடர் குடியிருப்புக்கும் அனுப்புங்கள்; அவர்களுக்குக் காட்டைக் காட்டும் காடருக்கு வழிகாட்டிக் கூலி கொடாமல், உபாத்தியாயருக்குரிய சம்பளமே கொடுங்கள்.