தூர் வாரிய குளமும் துறையின் பாதுகாப்பும்

காவிரியின் கடைமடையாகிய காரைக்கால் பிரதேசத்தில் குளத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. நீர் இருப்புப் போதுமான ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் தேதி அணையைத் திறப்பது வழக்கமாயினும், அத்தண்ணீர் மேல்மடைப் பகுதிகளையெல்லாம் கடந்தே அரசலாறு, நாட்டாறு முதலியவற்றின் வழியாக நமது வயல்களை அடைகின்றது. ஆதலின் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கும் குளங்களே நமக்கு உற்ற துணையாம். 2019-ஆம் ஆண்டில் ‘நம் நீர்’ என்னும் திட்டத்தின் கீழ் இம்மாவட்டத்தில் குளங்கள் தூர் வாரப்பட்டது யாவரும் போற்றத் தக்க நற்பணியேயாகும்.

எனினும், குளத்தை ஆழப்படுத்துவோர் அதன் துறையையும் சீர்படுத்தக் கடமைப்பட்டவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. நம் முன்னோர் வெட்டிய கோயிற் குளங்களில் படிகள் உண்டு. இறங்குகின்றவன் ஆழத்தைக் காலாலேயே அறிந்துகொள்வான். இக்காலத்தில் ஜே.சி.பி. யந்திரத்தால் செங்குத்தாக வெட்டப்படும் குளத்திலோ, கரையினின்று இரண்டு அடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரையில்லை. கலங்கிய நீர் அப்பள்ளத்தை மறைத்துவிடுகின்றது. நேற்றுவரை முழங்கால் நீரில் விளையாடிய சிறுவன், அதே குளமென்று எண்ணியே இன்றும் இறங்குகின்றான்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

சரிவாக வெட்டினால் நீர்க்கொள்ளளவு குறையுமே எனச் சில மிராசுதார்கள் ஆக்ஷேபிக்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். நூறடிச் சதுரமும் பத்தடி ஆழமுமுள்ள குளம் 1,00,000 கன அடி நீர் கொள்ளும். அதில் முப்பதடி அகலமுள்ள ஒரு துறையை, ஓரடி ஆழத்திற்கு நாலடி வீதம் சரிவாக விட்டால் குறைவது 6,000 கன அடியே. அதாவது நூற்றில் ஆறு பங்கு. கால்நடைகள் நீரருந்த வழியும் அதனாலேயே கிடைக்கும். ஏனைய பக்கங்களையும் இயன்றவரை சாய்வாக வெட்டினால் மழைக்காலத்தில் கரை சரியாது. ஆகவே இது வீண் நஷ்டமன்று.

கிராம அதிகாரிகளும் கொம்யூன் பஞ்சாயத்தாரும், தூர் வாரும் வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும்போதே துறையையும் அதிற் சேர்த்தல் வேண்டும். ஆழம் தொடங்குமிடத்தில் நிறந்தீட்டிய கம்பங்களை நட்டு, கரையில் நீண்ட மூங்கில் ஒன்றும் கயிறும் எந்நேரமும் வைத்திருக்கச் செய்யலாம். பம்புசெட்டுத் தொட்டிகளுக்கும் வயற்கிணறுகளுக்கும் மூடியோ கைப்பிடிச் சுவரோ அமைப்பது உரியவரின் பொறுப்பு.

மூழ்குகின்றவர் கூக்குரலிடுவார் என்று எண்ணுதல் தவறு. மூச்சுக்குத் தவிப்பவருக்குக் கூவ இயலாது. ஆதலின் குழந்தைகள் நீரருகே இருக்கையில் பெரியவரொருவர் கண் அகலாது காத்தல் அவசியம். நீந்தத் தெரியாதவர் உதவிக்குக் குதித்தால் இரண்டு உயிர்கள் போகக்கூடும். மூங்கிலையோ கயிற்றையோ புடவையையோ நீட்டுவதே முறை. கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தீமையே பயக்கும். மூச்சு நின்றிருப்பின் உடனே மல்லாக்கக் கிடத்தி, வாயோடு வாய் வைத்துச் சிலமுறை மூச்சை ஊதிப் பின்னர் மார்பின் நடுவே முப்பது முறை அழுத்துவதும் இருமுறை ஊதுவதுமாக, 108 வண்டி வரும்வரை இடைவிடாது செய்தல் வேண்டும். இதனைக் கிராமந்தோறும் இளைஞர் சிலரேனும் கற்றிருப்பது நலம்.

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2021-ஆம் ஆண்டில் ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. அந்நாள் ஆடி மாதத்தில், குடும்பங்கள் நீர்த்துறைகளில் கூடும் ஆடிப்பெருக்கிற்குச் சற்றேறக்குறைய ஒரு வாரம் முன்னதாக வருகின்றது. அன்று ஒவ்வொரு கிராமத்திலும் அதிகாரியும் நிலமுடையோரும் ஒன்றுகூடித் தத்தம் குளங்களையும் வாய்க்காற் படித்துறைகளையும் நேரிற் பார்வையிட்டு, குறைகளை எழுதி வைத்து, பண்டிகைக்கு முன்பே இயன்றவற்றைச் சீர்செய்வார்களாக.