ஓசையற்ற படகும் உப்பங்கழிப் பறவைகளும்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரியில் ஏறி இறங்கிய பயணி அடுத்து எங்கே செல்வார் என்ற கேள்விக்கு, செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் ஆறே ஒரு விடையைச் சொல்கிறது. வராக நதி, செஞ்சியாறு என்றெல்லாம் அழைக்கப்படும் சங்கராபரணி, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிக்குத் தெற்கே கடலை அடையுமுன் சுண்ணாம்பாறு உப்பங்கழியாக விரிகிறது. அலையடிக்காத அந்நீரில் கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகுகளில் குழுவாகச் சென்று பறவைகளைக் காண்பது நகரத்து இளைஞர்களை ஈர்க்கிறது.

செஞ்சி இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை ஒட்டிக் கழுவெளி இருக்கிறது. 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட இந்த ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டையையும் கழிமுகத்தையும் சரணாலயத்தையும் இணைத்தால் நல்லதொரு சுற்றுலா வழித்தடம் கிடைக்கும். அதில் கயாக் படகுக்கும் இடம் கேட்கப்படும் என்றே நினைக்கிறேன். எஞ்சின் இல்லை, புகை இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. இதில் என்ன கேடு என்று கேட்பார்கள்.

இந்த வாதம் பாதிதான் உண்மை. விசைப்படகுக்கு ஆழம் வேண்டும்; ஆகவே சேற்றுத் திட்டுகளையும் அலையாத்திப் புதர்களுக்கு இடையிலான ஒடுங்கிய ஓடைகளையும் அது தானாகவே விட்டுவிடுகிறது. கயாக்குக்கு முழங்கால் அளவு நீர் போதும். பறவைகளுக்கு எஞ்சியிருக்கும் ஒதுக்கிடங்களுக்குள் நுழையக்கூடியது அதுவே. ஓசையின்றி வருவதால், பறவை அதைக் கவனிக்கும்போது படகு மிக அருகில் இருக்கும். உப்பங்கழி ஒன்றில் 10 கயாக்குகள் வரிசையாக நெருங்கியபோது, இரை தேடிக்கொண்டிருந்த உள்ளான் கூட்டம் மூன்று முறை எழுந்து பறந்ததைப் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் மகிழ்ச்சியோடு படம் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் பறவைக்கு, திரும்பிச் செல்வதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்த்தாக வேண்டும். வீணாக எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது. வலசைப் பறவைகள் தங்கும் பனிக்காலமே படகுச் சவாரிக்கும் இதமான காலம் என்பதுதான் சிக்கல்.

பிச்சாவரம் இவ்வகையில் ஒரு பாடம் சொல்கிறது. அங்கே பல காலமாகத் துடுப்புப் படகைச் செலுத்துபவர் உள்ளூர்ப் படகோட்டி. எந்த ஓடையில் நுழையலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் கையில். கயாக்கில் துடுப்பு பயணியின் கைக்கு மாறிவிடுகிறது; ஆளுக்கொரு திசை, ஆளுக்கொரு ஆவல். எனவே உள்ளூர் மீனவர் ஒருவர் முன்னே செல்லாமல் எந்தக் குழுவையும் அனுப்பக் கூடாது. ஊதியமும் அவருக்கே போய்ச் சேர வேண்டும். பறவைகள் அமரும் திட்டுகளுக்கு மிதவைகளால் எல்லை கட்டலாம். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. கழுவெளியின் சரணாலய எல்லைக்குள் மட்டும் வலசைக் காலத்தில் கயாக்கே வேண்டாம் என்பேன். கரையில் ஒரு பார்வைக் கோபுரமும் நல்ல தொலைநோக்கியும் போதும்.

பயணிகளின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. அமைதியான கழி என்று நாம் நம்பும் இடம், ஓர் ஆற்றின் வாய். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது, சங்கராபரணியில் வெள்ளம் பெருக்கெடுத்தது. அணை தமிழ்நாட்டில், கழிமுகம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில். வீடூரில் மதகு திறக்கப்படும் செய்தி, சுண்ணாம்பாற்றில் துடுப்பு வாடகைக்கு விடுபவருக்கு அதே மணி நேரத்தில் எட்டியாக வேண்டும். இரு அரசுகளும் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது இதைத்தான்.