அட்டை கட்டாயமெனின் அதனைக் கொணர்ந்து கொடுத்தலும் கட்டாயமே

அடையாள அட்டை இல்லாத ஒருவனுக்கு இந்நாட்டிலே நேரும் இடர் யாதென்பதை எம் வாசகர்கட்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வங்கியிற் கணக்குத் திறக்கவும், கமநல சேவை நிலையத்திற் பசளை மானியத்துக்குப் பதியவும், பரீட்சை மண்டபத்துள் நுழையவும், வாக்குச் சாவடியிலே தன்னை இன்னாரென்று காட்டவும் அவ்வட்டையே கேட்கப்படுகின்றது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் பிரசைகளைப் பதிவு செய்யுமாறு பணித்தது. 1972 முதல் அட்டை வழங்கப்பட்டு வருகின்றது. இன்று 15 வயது நிரம்பியோர் அதற்கு விண்ணப்பித்தல் வேண்டும்.

சட்டம் எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் பாதை எல்லார்க்கும் ஒன்றா? நெடுந்தீவிலுள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே பிரதேச செயலகம் உண்டு. எனினும் பத்திரம் ஒன்றிற் பிழை காணப்பட்டு மேலிடத்துக்குப் போகவேண்டி நேர்ந்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலைக் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணம் சேரவேண்டும். அதன் பின்னரே வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ பயணம். காற்று மாறிப் படகு நின்றால் அந்நாட் கூலியும் போயிற்று, அலுவலும் போயிற்று. வன்னியிலோ வேறொரு துன்பம். 2009இல் முடிவுற்ற போரிலே ஊர் ஊராகப் பெயர்ந்தோர், வீட்டோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் இழந்தனர்.

மலையகத்தின் கதை இவற்றினும் பழையது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை இங்கு பிறந்தமைக்கு ஆதாரம் கேட்டது. பிறப்புப் பதிவு சீராக இல்லாத தோட்டங்களில் அந்த ஆதாரத்துக்கு எங்கே போவது? மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. அதன் பின்னரும் நாடற்றிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. ஒரு கடதாசி இல்லாமையால் ஓரினம் உரிமை இழந்த வரலாறு இது. ஆகையால் இதனை வெறும் கந்தோர் அலுவலென்று நாம் தள்ளிவிட முடியாது.

பெயரிலும் சிக்கல் உண்டு. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே முன்னிற்கும். தமிழறியாத எழுதுவினைஞர் அதனைச் சிங்களத்தில் ஒருவிதமாகவும் ஆங்கிலத்தில் வேறுவிதமாகவும் எழுதிவிட, பாடசாலை இடாப்பு ஒன்று சொல்லப் பிறப்புப் பத்திரம் வேறொன்று சொல்கின்றது. பிழை செய்தது அரசாங்கத்தின் பேனா. அதற்காக அலைவதோ கொழுந்து பறிக்கும் தாய்.

போலிகளைத் தடுக்கவே கடும் விசாரணை வேண்டும் என்பர் அதிகாரிகள். விசாரணை வேண்டாமென்று நாம் கூறவில்லை. எங்கே விசாரிப்பது என்பதே எமது வினா. ஒருவன் இன்னார் மகனென்பதை அவன் ஊரின் கிராம உத்தியோகத்தரும், பாடசாலை அதிபரும், அயலவரும் அறிவார்கள். அவனைத் தலைநகருக்கு இழுப்பதிலும் உத்தியோகத்தர் அவன் ஊருக்குச் செல்வதே உண்மையை அறியும் நேர்வழி.

ஆதலால் நாம் கேட்பவை மூன்றே. முதலாவது, தீவுகளுக்கும் எல்லைக் கிராமங்களுக்கும் தோட்டப் பிரிவுகளுக்கும் நடமாடும் சேவை, முன்னறிவித்த திகதிகளில், ஆண்டு தோறும் தவறாது வரவேண்டும். பிறப்புப் பதிவாளரும் புகைப்படம் பிடிப்போரும் உடன் வரவேண்டும். இரண்டாவது, அட்டை அச்சாகு முன்னர் விண்ணப்பதாரர் தம் பெயரைத் தமிழில் வாசித்துச் சரிபார்க்க இடமளிக்க வேண்டும். 2014 முதல் அட்டைகள் இருமொழியிலும் வருகின்றன. அம்மொழியுரிமை எழுத்துப் பிழையால் வீணாகலாகாது. மூன்றாவது, விண்ணப்பம் மறுக்கப்படின் காரணத்தைத் தமிழில் எழுதிப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்க வேண்டும்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு எமது கடமை தீர்ந்துவிடாது. சட்டத்தரணிகளும் சமாதான நீதவான்களும் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கிச் சத்தியக் கடதாசிகளை இலவசமாக முடித்துக் கொடுக்கலாம். ஆசிரியர்கள் 15 வயதை எட்டும் மாணவரின் பத்திரங்களை முற்கூட்டியே பார்த்துப் பிழைகளைச் சுட்டலாம். கமக்காரர் அமைப்புகள் தத்தம் ஊரில் அட்டை இல்லாதோரின் பட்டியலைத் தயாரிக்கலாம். பட்டியல் கையிலிருந்தால் எந்த அதிகாரியும் "அப்படி ஒருவரும் இல்லை" என்று கூறித் தப்ப முடியாது.

அட்டை அரசாங்கம் இரங்கி இடும் பிச்சையன்று. அதனை வைத்திருக்குமாறு கட்டளையிடும் அரசு, கடலுக்கு அப்பாலும் மலைக்கு மேலும் அதனைக் கொண்டு சேர்க்கக் கடமைப்பட்டது. அக்கடமையை நிறைவேற்றும் வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.