குண்டாற்றுக்குக் காவிரி எதற்கு?

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு மறுபடியும் மேடையேறியிருக்கிறது. நிதியைக் கூட்டு, வேலையை முடுக்கு, கர்நாடகத்துக்கு விட்டுக்கொடுக்காதே என்று கட்சி வேறுபாடில்லாமல் முழங்குகிறார்கள். 14,400 கோடி ரூபாய்த் திட்டம் அது. 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டினார்கள்; ஐந்தே நாளில் சட்டப்பேரவைத் தேர்தல் தேதி அறிவிப்பு வந்தது. மாயனூரில் புறப்பட்டு 262 கிலோமீட்டர் கடந்து வர வேண்டிய அந்தக் கால்வாயைக் காட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் சம்சாரிகளை இன்னும் எத்தனை வருடம் காத்திருக்கச் சொல்வது?

வானம் பொய்த்த சீமை என்ற பேச்சே முதலில் தவறு. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. ஜோத்பூரில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு இது. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடி ஒன்றில் இந்த மழை 80,000 லிட்டராக விழுகிறது. ஊரகக் குடிநீருக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 80,300 லிட்டர். அந்த வீட்டுக்கு வேண்டிய தண்ணீர் அந்த வீட்டின் தலையிலேயே விழுகிறது!

இதையே ஊரளவில் போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி அருப்புக்கோட்டை நகர மக்கள்தொகை 87,000 சொச்சம். அதே 55 லிட்டர் கணக்கில் மொத்த ஊருக்கும் ஓராண்டுக்குத் தேவை சுமார் 175 கோடி லிட்டர். இரண்டேகால் சதுர கிலோமீட்டர் நிலத்தில் பெய்யும் மழை அதற்குப் போதும். நகரத்துக்கு 135 லிட்டர் வேண்டும் என்பவர்களுக்கு ஐந்தரை சதுர கிலோமீட்டர். சென்னைக்கும் இதே கணக்குதான். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயிலேறி வந்த 25 லட்சம் லிட்டர் குடிநீர், சென்னையில் அரை ஏக்கருக்கும் குறைவான இடத்தில் ஓராண்டு பெய்கிற மழை. அதைத் தேக்காத நகரம்தான் ரயிலுக்காகக் காத்திருந்தது.

பெய்வதில் பாதி ஆவியாகும், மண் குடிக்கும், இரண்டே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும் என்று பொறியாளர்கள் மறுப்பார்கள். அந்த இரண்டு மாத மழையைப் பத்து மாதத்துக்கு வைத்துக்கொள்ளத்தானே நம் முன்னோர் கண்மாயும் ஊருணியும் வெட்டினார்கள்? ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. அந்தச் சங்கிலி எங்கெங்கே அறுந்தது? வரத்துக்காலை உழுது பட்டாவோடு சேர்த்துக்கொண்டார்கள். உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். மடை திறக்கவும் அடைக்கவும் ஊருக்கு ஊர் இருந்த நீர்பாய்ச்சிக்குக் களத்து நெல் நின்றது, ஆளும் போனார். சவுடு அள்ள அனுமதி வாங்கியவர்கள் கண்மாய்க்குள் பள்ளம் பறித்தார்களே தவிர, மடை மட்டம் பார்த்துத் தூர் வாரவில்லை. இதில் எந்தக் குற்றத்துக்குக் கர்நாடகம் பொறுப்பு?

இணைப்பை ஆதரிப்பவர்களிடம் ஒரே கேள்வி. விநாடிக்கு 6,300 கனஅடி உபரி நீர் நாளையே குண்டாற்றில் வந்து விழுந்தால் எங்கே நிறுத்துவீர்கள்? இதே மேடேறிய கண்மாய்களில்தான். வந்த வேகத்தில் கமுதி தாண்டிக் கடலுக்குப் போகும். இதற்கு அவர்களிடம் பதில் இல்லை. இருந்திருந்தால் தூர் வாரிய பிறகு அடிக்கல் நட்டிருப்பார்கள்.

தொலைதூர ஆற்றை நம்பியிருக்கும் குழாயின் கதியையும் பார்த்துவிட்டோம். அருப்புக்கோட்டை வைகையையும் தாமிரபரணியையும் நம்பிக் குடிக்கிற ஊர். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஆற்றுப்படுகையில் இருந்த கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் சேதமாயின. ஆறு நிறைய வெள்ளம், குழாயில் காற்று. 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. இன்று எத்தனை அரசு அலுவலகக் கூரைகளில் இறங்குகுழாய் ஒழுங்காக இருக்கிறது?

திட்டத்தின் மூன்றாம் கட்டமான 34 கிலோமீட்டர் வைகை–குண்டாறு கால்வாயைக் கைவிட வேண்டும். அந்தப் பணம் முழுவதையும் குண்டாற்றுப் படுகைக் கண்மாய்களுக்குத் திருப்ப வேண்டும். திருமங்கலம் பக்கம் தொடங்கி, காரியாபட்டி, திருச்சுழி, கமுதி என்று மேலிருந்து கீழே வேலை நடக்க வேண்டும். நீர்பாய்ச்சிக்கு அரசே மாதச் சம்பளம் கொடுக்கட்டும். வரத்துக்கால் ஆக்கிரமிப்புகளை வட்டாட்சியர் இந்த ஐப்பசிக்குள் எடுக்கட்டும். அடுத்த மழைக்கே எங்கள் கண்மாய்கள் நிறையும்.