துப்பாக்கி மேல் பழி போடலாமா? கூண்டில் நிற்பது மூன்று பேர்!

"பிஸ்டல் சரியில்லை. வேறு வாங்கினால்தான் பையன் தேறுவான்!"

துப்பாக்கி சுடப் பழகும் பிள்ளை உள்ள வீட்டில் இந்தப் பேச்சு என்றைக்காவது ஒருநாள் கிளம்பியே தீரும். 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 2 வெண்கலப் பதக்கம் வாங்கினார். அதைப் பார்த்து நம் பிள்ளையும் சுடட்டுமே என்று ஆசைப்பட்ட தகப்பன்மார் எத்தனையோ பேர். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் "பிஸ்டல் சரியில்லை" என்று ஒருத்தர் சொன்னதும் நகையை அடகு வைக்க ஓடுகிறார்களே, அதுதான் தப்பு!

கொலை வழக்கில் கூட சாட்சி, தடயம், குறுக்கு விசாரணை எல்லாம் முடிந்துதான் தீர்ப்பு. இங்கே அட்டையில் நாலு ஓட்டை தள்ளி விழுந்தால் போதும். விசாரணையே கிடையாது. நேராகத் தண்டனை! சில இடங்களில் தண்டனை துப்பாக்கிக்கு. சில இடங்களில் "உனக்குக் கை வராது, போ" என்று பிள்ளைக்கு. இரண்டுமே அநியாயம்.

மூன்று பேர்

குறி தவறினால் கூண்டில் ஏற்ற வேண்டியவர்கள் மூன்று பேர். ஒன்று, துப்பாக்கி. இரண்டு, தோட்டா. மூன்று, கை. மூவரையும் தனித்தனியாக விசாரித்தால்தான் உண்மை வெளியே வரும்.

போட்டியில் சுடும் "செமி ஆட்டோமேட்டிக்" பிஸ்டல் எப்படி வேலை செய்கிறது? விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு குண்டு. சுட்ட வேகத்தில் பின்பகுதி பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே தள்ளும். திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றும். பெண்களுக்கான 25 மீட்டர் போட்டியில் .22 அளவுத் தோட்டா. மேகசினில் 5 போட்டுச் சுட வேண்டும். விசையின் கனம் ஆயிரம் கிராமுக்குக் குறையக் கூடாது. எடைக்கல்லைத் தொங்கவிட்டு அதிகாரிகள் சோதிப்பார்கள்.

காவலர் இடுப்பில் இருக்கும் 9 மி.மீ. பிஸ்டல் வேறு சாதி. அதில் பெரும்பாலும் ஒவ்வொரு குண்டுக்கும் குழலே சற்று அசைந்து மறுபடி இடத்தில் உட்காரும். போட்டிப் பிஸ்டலில் குழல் அசையாது. சட்டத்தோடு சட்டமாகப் பூட்டியிருக்கும். அதனால்தான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கிறது.

நடுவில் பட்டால் நல்லதா?

"பார்த்தீங்களா, நடுவிலே அடிச்சிட்டான்!" என்று துள்ளுகிறார்கள். ஒரு குண்டு நடுவில் பட்டால் அது அதிர்ஷ்டமாகக் கூட இருக்கலாம். அதை வைத்து எந்தத் துப்பாக்கிக்கும் நற்சான்று தர முடியாது.

பார்க்க வேண்டியது, ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதை. இதற்கு "குரூப்" என்று பெயர். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கி, ஆனால் நடுவை விட்டு இடதுபக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தால் அது நல்ல துப்பாக்கி! சைட்டின் திருகை ஸ்குரூ டிரைவரால் நாலு திருப்பு திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும். ஒன்று நடுவில், ஒன்று மூலையில், ஒன்று காணோம் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

சோதனை எப்படி?

முதலில் கையை விலக்குங்கள். லைசென்ஸ் உள்ள சுடுதளத்தில், பிஸ்டலை வைஸ் மாதிரியான தாங்கியில் பூட்ட வேண்டும். அது இல்லையென்றால் மணல் மூட்டை மேல் வைத்து, அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து சுட வேண்டும். போட்டி தூரமான 25 மீட்டரில்தான் சுட வேண்டும். 10 மீட்டரில் 2 சென்டிமீட்டர் குரூப் பார்க்க அழகாக இருக்கும். அதே 25 மீட்டரில் 5 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

ஐந்து குண்டு சுட்டுவிட்டு முடிவு கட்டக் கூடாது. ஐந்து ஐந்தாக ஐந்து தடவையாவது சுடுங்கள். எல்லாவற்றையும் அளந்து சராசரி பாருங்கள். நன்றாக விழுந்த ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டுவது மோசடி. "இது மட்டும் எப்படியோ தள்ளிப் போச்சு" என்று ஒரு ஓட்டையைக் கணக்கில் விடுவதும் மோசடிதான்.

இன்னொரு சங்கதி. முதல் தோட்டாவைக் கையால் இழுத்து ஏற்றுகிறோம். மற்ற நாலையும் துப்பாக்கியே ஏற்றுகிறது. சில பிஸ்டல்களில் அந்த முதல் குண்டு மட்டும் தனியே போய் விழும். ஐந்து தடவையும் முதல் ஓட்டை எது என்று குறித்து வைத்தால் இந்தக் கோளாறு உடனே பிடிபடும்.

அடுத்தது தோட்டா. ஒரு பிஸ்டலுக்கு ஒத்துப்போகும் தோட்டா இன்னொன்றுக்கு ஒத்துவராது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் வேறு நாளில் தயாரான பெட்டி என்றால் கூட வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று வகையை மாற்றிப் பாருங்கள். தோட்டாவை மாற்றியதும் குரூப் சுருங்கினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. புதுப் பிஸ்டல் வாங்கும் செலவு மிச்சம்!

கையின் கதை

தாங்கியில் நன்றாகச் சுட்ட பிஸ்டல் கையில் வந்ததும் சிதறினால், அப்போது கையைக் கூண்டில் ஏற்றலாம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே விதிப்படி அதிகபட்சம் 220 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் குண்டு சுமார் 114 மில்லிமீட்டர் தள்ளிப் போகும்! பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவே 50 மில்லிமீட்டர்தான். வலது கைக்காரர் விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு பெரும்பாலும் கீழே இடதுபக்கம் போகும். அதற்குப் புதுத் துப்பாக்கி மருந்தாகுமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பழகும் பையனின் கைச் சிதறல் 80 மில்லிமீட்டர். பிஸ்டலின் சிதறல் 40. இரண்டும் சேர்ந்தால் 120 ஆகாது. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 89 வரும். அப்பா கடன் வாங்கி 20 மில்லிமீட்டர் சிதறல் உள்ள உசத்திப் பிஸ்டல் வாங்கிக் கொடுத்தால்? 82! இத்தனை செலவுக்கும் லாபம் 7 மில்லிமீட்டர்.

அதே கணக்கைக் கை தேர்ந்த வீராங்கனைக்குப் போடுங்கள். அவர் கைச் சிதறல் 40. பழைய பிஸ்டலில் 57. உசத்தியில் 45. பத்து வளையம் 50 அல்லவா? ஒன்றில் வெளியே, ஒன்றில் உள்ளே! ஆகவே நல்ல பிஸ்டல் தேவையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கு, எப்போது தேவை என்பதுதான் கேள்வி.

இரண்டு சாட்சிகள்

கைக்கு சாட்சி வேண்டுமா? ஹங்கேரி ராணுவ வீரர் கரோலி டகாச். 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை போயிற்று. சுட்டுப் பழகிய கை! மனிதர் யாரிடமும் சொல்லாமல் இடது கையால் பழகினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அதிவேகப் பிஸ்டல் போட்டியில் தங்கம். 1952 ஹெல்சிங்கியில் மறுபடி தங்கம்!

துப்பாக்கிக்கு எதிராகவும் சாட்சி உண்டு. டோக்கியோ ஒலிம்பிக், 2021. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் துப்பாக்கி பாதியில் பழுதாயிற்று. சரி செய்வதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. 575 புள்ளி, 12-வது இடம். இறுதிச் சுற்றைக் கோட்டை விட்டார். அதற்காக "இந்தப் பெண்ணுக்குக் கை வராது" என்று தீர்ப்பு எழுதியிருந்தால்? மூன்று வருடம் கழித்து அதே போட்டியில் பாரீஸில் வெண்கலம் வந்திருக்காது. அங்கேயே 25 மீட்டர் பிஸ்டலில் தகுதிச் சுற்றில் 590 எடுத்து இரண்டாவதாக வந்தார். இறுதியில் சமநிலை முறிக்கும் சுற்றில் தோற்று நாலாவது இடம். மயிரிழையில் மூன்றாவது பதக்கம் போயிற்று!

குறி மட்டும் போதாது என்பதையும் மறக்கக் கூடாது. ஆண்களின் அதிவேகப் போட்டியில் கடைசிக் கட்டத்தில் 4 விநாடியில் 5 அட்டையில் 5 குண்டு. 2012 லண்டனில் நம் விஜயகுமார் வெள்ளி வாங்கியது இந்தப் போட்டியில்தான். அந்த 4 விநாடியில் தோட்டா சிக்கிக்கொள்ளும் பிஸ்டல், தாங்கியில் எவ்வளவு அழகாகச் சுட்டு என்ன பயன்? சோதனையின்போது எத்தனை தடவை சிக்கியது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

காகிதம் எங்கே?

நல்ல கம்பெனிகள் பிஸ்டலோடு சோதனை அட்டையையும் கொடுக்கின்றன. நம்ம ஊரில் கைமாறும் பழைய பிஸ்டலுக்கு? "நான் கேரண்டி" என்ற வாய்ப்பேச்சுதான்! இருசக்கர வண்டி வாங்கினால் நாலு தெரு ஓட்டிப் பார்க்கிறோம். கத்தரிக்காயைக் கூட அழுத்திப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். இத்தனை பணம் போகும் பொருளைச் சோதிக்காமல் வாங்கலாமா?

சுடும் கிளப்புகள் ஒரு கட்டுப்பாடு கொண்டு வரட்டும். உறுப்பினர் லைசென்ஸோடு பிஸ்டல் வாங்கும் முன், தாங்கியில் வைத்து 25 குண்டு. எந்தத் தோட்டா, எந்தத் தேதி, எத்தனை மில்லிமீட்டர், எத்தனை தடவை சிக்கியது என்று அட்டையிலேயே எழுதிக் கையெழுத்து. பயிற்சியாளர் "மாற்று" என்று சொன்னாலும் அந்த அட்டையை வைத்துக்கொண்டு சொல்லட்டும்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. யார் சொன்னாலும் சரி, முதலில் அட்டையைக் கேளுங்கள். அப்புறம் பர்ஸை எடுங்கள்!