ஊற்றுவதற்கு முன்...



வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடம் புறப்பட்ட முதிய தாயொருவர், தாம் வளர்த்த அந்தூரியச் செடியைப் பூச்சாடியோடு பங்குமனையில் என் பொறுப்பில் விட்டுச் சென்றார். செடி வளர்த்துப் பழக்கமில்லாத நான், நாள்தோறும் காலையில் தவறாமல் நீர் ஊற்றினேன். சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகித் தளர்ந்தன. தாகமென எண்ணி மாலையிலும் ஊற்றினேன்.

செடி வளர்ப்பில் தேர்ந்த பங்கு அன்பர் ஒருவர் வந்து, சாடியைக் கவிழ்த்துக் காட்டினார். வேர்கள் கறுத்து, நாற்றமெடுத்து, தொட்டதும் கழன்று வந்தன. “சுவாமி, தண்ணீர் கூடித்தான் வாடியிருக்கிறது” என்றார்.

வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகள் எந்நேரமும் நீரால் நிறைந்திருந்தால் வேர் மூச்சின்றி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே நீர் மிகுந்த செடியும் நீரற்ற செடியைப் போலவே வாடும். இலையை மட்டும் பார்த்து ஊற்றுபவர் ஏமாறுவது இதனாலேயே. மண்ணுக்குள் விரலைச் செலுத்திப் பாருங்கள். ஈரமிருந்தால் காத்திருங்கள்; உலர்ந்திருந்தால் அடித்துளையால் நீர் வடியும்வரை ஊற்றுங்கள். கீழ்த் தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். அது வேருக்கும் ஆகாது. டெங்கு நுளம்பு பெருகவும் இடமளிக்கும்.

பெரிய சாடியொன்றுக்கு மாற்றலாமா என்று கேட்டேன். அவர் மறுத்தார். வேர் குறைந்த செடியால் குடித்து முடிக்க இயலாத நீர், பெரிய சாடியில் நெடுநாள் தங்கிவிடுமாம். அழுகிய வேர்களை வெட்டி நீக்கி, எஞ்சிய வேருக்கு அளவான சாடியில், செங்கற்துண்டு, கரி, தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளுடன் நட்டார். காடுகளில் அந்தூரிய இனங்கள் பல மரங்களின் மீதே வளர்வன. இறுகிய மண் அவற்றுக்கு ஒவ்வாது. புதுத் தளிர் வரும்வரை பசளை இடாமல் நிழலில் வைக்குமாறும் கூறினார்.

நம் இல்லங்களிலும் இதுவே நிகழ்கிறது. வாடிய முகத்தைக் கண்டதும் நம்மிடம் இருப்பதை ஊற்றிவிடுகிறோம்; பிள்ளைக்கு அறிவுரையும் மேலதிக வகுப்பும், முதிய பெற்றோருக்குப் பணமும். பிள்ளைக்கு வேண்டியது மூச்சுவிடச் சற்று இடமாக இருக்கலாம்; பெற்றோருக்கு வேண்டியது அருகிலமர்ந்து கேட்கும் ஒருவராக இருக்கலாம். கொடுத்துவிட்டோம் என்ற மனநிறைவே நம்மைக் கேட்கவிடாமல் தடுக்கிறது. கேளாமல் கொடுப்பது, எவ்வளவு தாராளமாயினும், அன்பில் குறையுடையது என்பதே என் கருத்து.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், கனி தராத அத்திமரத்துக்காக ஓராண்டுத் தவணை கேட்கும் தோட்டத் தொழிலாளரை நினைத்துப் பாருங்கள். எருவிடுவதற்கு முன், மரத்தைச் சுற்றிலும் கொத்தப்போவதாக அவர் சொல்கிறார். முதலில் மண் திறக்கப்படுகிறது. பின்னரே எரு இடப்படுகிறது.

இரு மாதங்களின் பின், அந்தூரியத்தில் சுருண்ட தளிரொன்று தோன்றியது. தொலைபேசியில் நலம் கேட்ட அந்தத் தாயிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். “என்ர முதல் செடியையும் நான் அப்பிடித்தான் சாகடிச்சனான், சுவாமி” என்று சிரித்தார்.

இவ்வாரம் உங்கள் வீட்டில் யாராவது வாடியிருந்தால், எதையும் கொடுக்குமுன் சற்று நேரம் அருகில் அமர்ந்து கேளுங்கள்.