அபினியும் அருமருந்தும்

நஞ்சும் மருந்தும் ஒரே செடியில் விளைதல் உலகியற்கை. அவற்றைப் பகுத்தறிந்து பயன் கொள்வதே அறிவுடைமை. அபினியினின்று எடுக்கப்பெறும் மார்ஃபின் என்னும் மருந்தின் திறத்தில் இவ்வுண்மையை நம்மவர் இன்னும் நன்குணர்ந்திலர். ஆகலின் அதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

மண்டபம் முதல் இராமேசுவரம் வரையுள்ள நம் கரையில் போதைப்பொருள் என்றவுடன் நினைவுக்கு வருவன இரவிற் செல்லும் படகும், சுங்கக் காவலரும், பறிமுதலுமே. பாக் நீரிணை வழியாக இலங்கைக்குக் கடத்தப்படும் சரக்கைப் பற்றிய செய்தி இங்குப் புதிதன்று. ஆதலின், புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கொடுக்கலாம் என்று வைத்தியர் கூறுங்கால், "ஐயோ, அபினியா!" என்று வீட்டார் நடுங்குவது வியப்பன்று. ஆனால் அவ்வச்சத்தின் விலையைச் செலுத்துவோர் யாவர்? வாயிற் புற்று முற்றி, உண்ணவும் உறங்கவும் இயலாது பாயிற் கிடக்கும் ஏழை வலைஞரன்றோ?

உலக சுகாதார ஸ்தாபனம் 1986-ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் வகுத்தது. சிறு வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை, அதனின் மிக்கதற்குக் கோடீன் போன்றவை, கடுவலிக்கு மார்ஃபின். இது பெரும்பாலும் மாத்திரையாக வாய்வழியே, 4 மணிக்கு ஒருமுறை, வலி மீளுமுன்னரே கொடுக்கப்படும். மலச்சிக்கல் உண்டாதலின் அதற்குரிய மருந்தும் உடன் வேண்டும்.

இதனை உண்போர் போதைக்கு அடிமையாவர் என்பர் சிலர். ஆயுள் குறையும் என்பர் வேறு சிலர். தேர்ந்த வைத்தியர் வலியின் அளவறிந்து கொடுக்குமிடத்து இவ்விரண்டும் நேர்வது அரிது. எனினும் இஃது எளிதாகக் கையாளத்தக்க பொருளன்று. அளவின்றி எழுதிக் கொடுத்ததனால் அமெரிக்க நாடு அடைந்த பெருங்கேட்டை நாம் அறிவோம். வைத்தியரைக் கேளாது அளவைக் கூட்டுதலும், திடீரென நிறுத்துதலும், பிறர் கைக்கு எட்டும்படி வைத்தலும் தவறு. கண்காணிப்பு வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும். மறுத்தல் வேண்டும் என்பதன்று.

நிற்க. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் அரசாங்க உரிமத்துடன் அபினிச் செடி பயிராகின்றது. இங்ஙனம் விளைக்கும் நம் நாட்டு நோயாளருக்குத் தேவையில் நூற்றுக்கு 4 பங்கே கிட்டுவதாக 2017-இல் லான்செட் குழுவினர் கணக்கிட்டனர். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் மருந்தகங்கள் மார்ஃபினை வைக்கவே அஞ்சின. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பெற்று, அங்கீகாரம் பெற்ற வைத்தியசாலைகள் பல உரிமங்களுக்கு அலையாமல் இதனை வைத்திருக்க வழி பிறந்தது. சட்டம் இளகிற்று, மனம் இளகவில்லை.

மனம் இளகினால் ஆவதென்ன என்பதற்குக் கேரளம் சான்று. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் தொடங்கிய சங்கத்தின் வழியே, அயலாரே தொண்டராகி நோயாளரின் இல்லந்தோறும் செல்லும் வழக்கம் அங்கு வேரூன்றியது. நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் நோய்த்தணிப்புச் சேவையை வீட்டு வாயிலுக்குக் கொணர்வதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. 2022-இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது.

எனவே, கடுவலியுற்றார் மார்ஃபின் மாத்திரைக்காக மதுரைவரை 170 கிலோமீட்டர் செல்ல நேராதபடி, நம் ஜில்லாவின் தாலுகா வைத்தியசாலைகளிலும் அஃது இடையறாது கிடைத்தல் வேண்டும். அதனைக் கொடுக்கப் பயின்ற வைத்தியரும் வேண்டும். இதனை அதிகாரிகளிடம் வற்புறுத்துவது பழைய மாணவராகிய பெரியோர் கடன்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும் நீங்கள், வலியால் துடிக்கும் ஒருவர் இல்லத்தில் இவ்வுண்மையை எடுத்துரைத்து, வைத்தியரிடம் அவரைச் சேர்ப்பிப்பீராயின், அதுவே கற்றதன் பயன். நோயைத் தீர்க்க இயலாவிடத்தும் நோவைத் தீர்க்க இயலும். இயன்றதைச் செய்யாது வாளாவிருத்தல் நமக்கு அழகன்று.